காதுக்குப் பின்னாலிருந்து

கல்யாணத்தன்று
தண்டையார்பேட்டை சமுதாயக் கூடத்தில்
வட்டச் செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
மாப்பிள்ளை தேசப்பன் நம்ம பொண்ணை
கண்ணை இமை காப்பது போலக் காப்பார்.
இமையை யார் காப்பார் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகின் அடிவயிற்றில்
மல்லாந்து படுத்து வெல்டிங் வைக்கிறவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பீடி பற்றவைத்த நேரம்
பக்கத்து ஆளின் ராடிலிருந்து ஒரு துளி,
அவ்வளவுதான்,
வலது மேலிமையில் வந்து உட்கார்ந்தது.
கண் தப்பியது.
தப்பவைத்தது அந்த இமைதான்,
அந்தக் கணத்தில் மூடிக்கொண்டு.

புண் ஆறியது. ஆறும்போது சுருங்கியது.
சுருங்கிய தோல் இமையை மேலே இழுத்துப் பிடித்தது,
பாதியில் சிக்கிய கடை ஷட்டர்.

அதற்குப் பிறகு எட்டு மாதம்
ஒரு கண்ணை மூடித் தூங்கினார்.
இன்னொன்று என்னைப் பார்த்தது.
இரவு இரண்டு மணிக்குப் புரண்டு படுத்தால்
தெருவிளக்கில் மினுங்கும் ஒரு வெள்ளை.
அதற்குள் அவர் இல்லை,
குறட்டை வேறெங்கிருந்தோ வந்தது.
மோனிஷா தலையணையைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து வீட்டு அல்போன்சா அக்காவிடம் படுக்கப் போனாள்.

கன்டெய்னர் லாரி போகிற ரோடு எங்களுடையது.
சக்கரம் கிளப்பும் தூசு,
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் வேறொரு நெடி,
எல்லாம் நேரே உள்ளே போகும்,
கதவைக் கழற்றிய வீடு மாதிரி.
களிம்பு பிதுக்கி, ரப்பையை விரலால் கீழே இழுத்து
பிளாஸ்திரி ஒட்டுவேன்.
விடிவதற்குள் வியர்வையில் அது
தலையணையில் கிடக்கும்.

டாக்டர் நிலோஃபரிடம் கேட்டேன்:
"இவரு கண்ணை மூடுவாராம்மா?"
கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால்
ஷாமியானா வரும்,
சங்கு ஊதுகிறவர் வருவார்.
வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"மூட வெச்சிடலாம்" என்றார்.

இவருக்குத்தான் சந்தேகம்.
"போட்டுல ஓட்டை வுழுந்தா
இன்னொரு எடத்துத் தகட்டை வெட்ட மாட்டோம் டாக்டர்,
புதுத் தகடுதான்."
"எங்க கடையில புதுசு கிடைக்காது."

தழும்பை அறுத்துவிட்டார்கள். இமை இறங்கியது.
இறங்கிய இடத்துக்குத் தோல் போதவில்லை.
காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தார்கள்,
இரண்டு புளியங்கொட்டை அகலம்.
வெயில் அறியாத, முடி முளைக்காத இடம்.
நான் மட்டும் அறிந்த இடம் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.
நூலின் வால்களை வெட்டாமல் விட்டு
பஞ்சுருண்டை ஒன்றை மேலே வைத்துக் கட்டினார்கள்,
ஒட்டு நகராதபடி.
பிறகு மேலிமையையும் கீழிமையையும் சேர்த்து
ஆறு வாரம் தைத்தே வைத்தார்கள்.
தினமும் காலையில் கேட்பார்:
"ஒட்டு புட்ச்சிகிச்சா, பாரு."

நூலை வெட்டிய அன்று
நர்ஸ் சொன்னாள், இமைங்க.
இமைத்தார்.
இன்னொரு தடவை, யாரும் சொல்லாமலே.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
பேசின் பிரிட்ஜில் ஏதோ ரயில் நின்றிருந்தது.

சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.
புதுத் தோல் ஒரு நிறம் வெளுப்பு.
மூடினாலும் மூக்கோரம்
ஒரு நூல் அளவு இடைவெளி.
சொட்டு மருந்து நிற்கவில்லை.

ஆனால் இரவில் இரண்டும் மூடுகின்றன.
மோனிஷா தலையணையோடு திரும்பி வந்துவிட்டாள்.
எனக்கு இப்போது வேறு தொல்லை.
முன்பெல்லாம் தூக்கமா நடிப்பா என்று
அந்தக் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.
இப்போது இரண்டு கதவும் சாத்தியிருக்க
மனுஷன் உள்ளே என்ன செய்கிறார், தெரியாது.

நேற்று குனிந்து
காதில் இல்லை,
அந்த இமைக்குப் பக்கத்தில் வாயை வைத்து
மெதுவாகக் கேட்டேன்:
"யோவ், சீட்டுப் பணம் இன்னா ஆச்சி?"

காதுத் தோல் அல்லவா.
துடித்தது.